மஞ்சள் தாளில் மூன்று கட்டங்கள்

எனக்கு யாரையும் சட்டென்று நம்ப வராது. இதை ஒரு குறையாகச் சொல்லவில்லை, இதற்குத்தான் சம்பளமே வாங்குகிறேன். பொதுமக்களுக்கான அறிவியல் கையேடு ஒன்றைப் போடும் பதிப்பகத்தில் நான் பதிப்பாசிரியர். ஒளியின் வேகத்தை யாராவது எழுதிக் கொடுத்தால் பூஜ்யங்களை விரல் வைத்து எண்ணுவேன். வீட்டில் கணவர் பால் பாக்கெட் வாங்கி வந்தால் முதலில் தேதியைப் பார்ப்பேன், அப்புறம்தான் அவர் முகத்தைப் பார்ப்பேன். நான் படித்தது இலக்கியம். ஆனால் சந்தேகப்படுவதற்குத் தனிப் பட்டம் எதுவும் தேவைப்படவில்லை.

எங்கள் கையேட்டில் முந்நூற்றுப் பன்னிரண்டு பதிவுகள். கருந்துளை, மரபணு, தடுப்பூசி, செயற்கை நுண்ணறிவு என்று ஒரு கருத்துக்கு ஒரு பக்கம். எழுதுகிறவர் ஓய்வுபெற்ற பேராசிரியர். மனிதர் தங்கம், வாக்கியங்கள்தான் முடியவே முடியாது. அவற்றை வெட்டி நேராக்குவது என் வேலை. இப்போது தயாராகும் மூன்றாம் பதிப்பில் வயதானவர்களுக்கும் படிக்க வசதியாக எழுத்தைப் பெரிதாக்கினோம். பக்கத்துக்கு எட்டு வரி குறைந்தது. அந்த எட்டு வரியையும் நான்தான் வெட்டினேன். வெட்டுவதில் எனக்கு நிகர் நானே என்று ஒரு கர்வம் அப்போது இருந்தது.

முதலாளி வைத்த சட்டம் ஒன்று உண்டு. பத்தாம் வகுப்புக்கு மேல் அறிவியல் படிக்காத ஒருவர் ஒவ்வொரு பதிவையும் படிக்க வேண்டும். படித்ததும் பக்கத்தை மூடிவிட்டு, படித்ததைத் தன் வாயால் திருப்பிச் சொல்ல வேண்டும். எதிரே உட்கார்ந்து கேட்கிறவர் ஒரு மஞ்சள் தாளில் டிக் அடிப்பார். தாளில் மூன்று கட்டங்கள்: புரிந்தது, பாதி, புரியவில்லை. கீழே படித்தவர் கையெழுத்துப் போடுவார். முதல் கட்டத்தில் டிக் விழாத பதிவு அச்சுக்குப் போகாது, பேராசிரியரிடம் திரும்பிப் போக வேண்டும்.

எட்டு வருடமாக அந்தப் படிக்கிற நாற்காலியில் உட்காருகிறவள் என் நாத்தனார். கணவரின் தங்கை, எங்களோடுதான் இருக்கிறாள். வீட்டில் எல்லோருக்கும் சிட்டு. பத்தாவது முடித்த வருடம் மாமனார் படுத்த படுக்கையாகிவிட, அண்ணன் படிப்பு நிற்கக் கூடாது என்று இவள் தையல் மிஷினில் உட்கார்ந்தாள். அப்புறம் எழுந்திருக்கவே இல்லை. எங்கள் அலுவலகக் கட்டடத்தின் கீழ்த்தளத்திலேயே அவளுடைய கடை. துணி பிரிப்பது, சுருக்குவது, ஜிப் மாற்றுவது. மதியம் இரண்டு மணிக்குக் கூட்டம் குறைந்ததும் மூன்றாம் மாடிக்கு ஏறி வந்து என் எதிரில் உட்காருவாள். அவளை இந்த வேலைக்குச் சேர்த்துவிட்டதே நான்தான்.

கோளாறு ‘அரைவாழ்வு’ என்ற தலைப்பில் தொடங்கியது. கதிரியக்கப் பொருள் எவ்வளவு காலத்தில் பாதியாகக் குறையும் என்று சொல்லும் பதிவு. தண்ணீர் மாதிரி எழுதியிருந்தேன். பத்து வருட அரைவாழ்வு உள்ள பொருளில் பத்து வருடத்தில் பாதி போய்விடும், அடுத்த பத்து வருடத்தில் மீதிப் பாதியும் போய்விடும். சின்னக் குழந்தைக்குக்கூடப் புரியும். சிட்டு படித்தாள், பக்கத்தை மூடினாள்.

“புரியலை அண்ணி.”

மறுபடி படிக்கச் சொன்னேன். படித்தாள். மறுபடியும் புரியவில்லை என்றாள். எது புரியவில்லை என்று கேட்டால், முழுசாகவே புரியவில்லையாம். குவாண்டம் பின்னலைப் போன வருடம் இரண்டு நூல்கண்டை வைத்து எனக்கே விளக்கியவள் இவள். வேறு வழியில்லாமல் மூன்றாம் கட்டத்தில் டிக் அடித்தேன்.

அந்த மாதத்தில் அப்படிப் பதினேழு பதிவுகளுக்கு ஆனது. நோய்க்கிருமிகளுக்கு மருந்து ஏன் கேட்காமல் போகிறது என்ற பதிவு, விண்வெளி நிலையத்தில் ஆட்கள் ஏன் மிதக்கிறார்கள் என்ற பதிவு, எல்லாம் நான் ரொம்பச் சிரமப்பட்டு எளிமையாக்கியவை. கடினமான பதிவுகளை மடமடவென்று ஒப்பித்துவிட்டு எளிதானவற்றில் வந்து முட்டிக்கொண்டு நின்றாள். சட்டப்படி அவற்றைப் பேராசிரியரிடம் அனுப்பியிருக்க வேண்டும். அனுப்பவில்லை. அவரிடம் போனால் ஒரு மாதம் ஆகும், வெட்டிய வரிகளை எல்லாம் திரும்ப ஒட்டி அனுப்புவார். நானே இன்னும் சுலபமாக்கி மறுபடி கொடுத்தேன். மறுபடியும் அதே பதில், அதே குரல்.

புத்தகம் இருநூறு நூலகங்களுக்குப் போக வேண்டும். அச்சகத்தில் தேதி குறித்தாகிவிட்டது. தேதி தவறினால் பொறுப்பு என் தலையில்.

சரி, இவள் வேண்டுமென்றே செய்கிறாள் என்று முடிவு கட்டினேன். காரணம் தேட எனக்கா சொல்லித்தர வேண்டும்? போன மாதம் வீட்டுக்கு வந்த விருந்தாளிகள் முன்னால் நான் ஒரு வார்த்தை விட்டிருந்தேன். எங்கள் புத்தகம் எல்லோருக்கும் புரியுமா என்று அவர்கள் கேட்டபோது, சிட்டு மண்டையில் ஏறினால் யார் மண்டையிலும் ஏறிவிடும் என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அந்தச் சிரிப்பு இப்போது எனக்கு வேறு மாதிரி ஞாபகம் வந்தது.

கணவரிடம் ஜாடையாகச் சொல்லிப் பார்த்தேன். அவர் செய்தித்தாளை இறக்காமலே, அவளுக்குப் பொய் சொல்லத் தெரியாது என்றார். தங்கை என்றால் இந்த மனிதர் கண்ணை மூடிக்கொள்வார். பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடுமா என்ன? நான் என் கண்ணை நன்றாகத் திறந்து வைத்தேன்.

திறந்ததும் தெரிந்தது அந்தப் பை ஆசாமி. தோளில் கறுப்புப் பை, சட்டைப் பையில் மூன்று பேனா. வாரத்துக்கு இரண்டு நாள் சாயங்காலம் சிட்டுவின் கடைக்கு வந்தார். துணி கொடுக்க வருகிறவர் நின்றுகொண்டே பேசிவிட்டுப் போவார். இவர் ஸ்டூலில் உட்கார்ந்து அரை மணி நேரம் பேசினார். ஒரு நாள் படியிறங்கும்போது பார்த்தேன். அவள் ஏதோ காகிதத்தை நீட்டுகிறாள், அவர் பேனாவால் அதில் எழுதுகிறார். என்னைக் கண்டதும் சிட்டு காகிதத்தைத் துணிக்கு அடியில் தள்ளினாள். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். அந்த வாரம்தான் இன்னொரு பதிப்பகம் எங்களுடையதைப் போலவே ஒரு கையேடு கொண்டுவரப் போவதாக விளம்பரம் வந்திருந்தது. எனக்கு இரண்டும் இரண்டும் நாலு என்று விழுந்துவிட்டது.

மறுநாள் ரவிக்கை பிரிக்க வேண்டும் என்று ஒரு சாக்கை வைத்துக்கொண்டு கீழே போனேன். அவள் இல்லை, எதிர்க் கடைக்குத் தேநீருக்குப் போயிருந்தாள். அளவு டேப் தேடுகிறவள் போல இழுப்பறையைத் திறந்தேன். பட்டன் டப்பாவுக்கு அடியில் ஒரு தடித்த நோட்டு. பிரித்தால், எங்கள் பதிவு எண்கள். ஒவ்வொரு எண்ணுக்குக் கீழும் அவள் கையெழுத்தில் பக்கம் பக்கமாக எழுதியிருந்தது. நடுநடுவே படங்கள், அம்புக்குறிகள். இன்னும் அச்சாகாத பதிவுகள்கூட இருந்தன. நின்று படித்துப் பார்க்கும் பொறுமை இல்லை. எண்களைப் பார்த்தேன், அதுவே போதும் என்று நினைத்தேன்.

எங்கள் தொழிலில் ஒரு பழைய தந்திரம் இருக்கிறது. தகவல் நூல் போடுகிறவர்கள் சிலர், இல்லாத ஒன்றைப் பற்றி ஒரு பொய்ப் பதிவை நடுவில் செருகி வைப்பார்கள். வேறு எவனாவது தன் புத்தகத்தில் அதையும் சேர்த்து அச்சடித்தால் திருடன் அகப்பட்டான். அதற்குப் பெயர் பொறி. நான் சிட்டுவுக்கு ஒரு பொறி வைத்தேன்.

‘சுவர் நினைவு’ என்று தலைப்புப் போட்டேன். ஒரு அறையில் பேசும் ஒலியின் சிறு பகுதி சுவரின் உள்ளே அப்படியே தங்கிவிடும், பல வருடங்கள் கழித்தும் நுட்பமான கருவியால் அதை மீட்டுக் கேட்கலாம் என்று ஒரு பக்கத்துக்கு அளந்துவிட்டேன். எழுதும்போது சந்தோஷமாகக்கூட இருந்தது. சுவருக்கும் காது உண்டு என்பதை அறிவியலாக்கியாயிற்று. இது வேறு யார் கையிலும் கிடையாது. எதிர்ப் பதிப்பகத்தின் புத்தகத்தில் வந்தால், கொடுத்தவள் இவளேதான்.

அதோடு நான் நிற்கவில்லை. அச்சகத்துக்கு முதல் பாகம் போக வேண்டிய நாள் வந்துவிட்டது. பதினேழில் ஆறு பதிவுகள் அந்தப் பாகத்தில் இருந்தன. புதிதாக ஆறு மஞ்சள் தாள் எடுத்தேன். முதல் கட்டத்தில் டிக் அடித்தேன். சிட்டுவின் கையெழுத்தையும் நானே போட்டேன். எட்டு வருடமாகப் பார்த்த கையெழுத்து, போடச் சிரமமாக இல்லை. அவள் செய்வது துரோகம், நான் செய்வது தேவை என்று அப்போது ஒரு நியாயம் வைத்திருந்தேன்.

மறுநாள் மதியம் வந்து உட்கார்ந்தாள். சுவர் நினைவை அவள் முன்னால் வைத்தேன். படித்தாள். வழக்கத்தைவிட அதிக நேரம் எடுத்துக்கொண்டாள். ஒரு முறை நிமிர்ந்து என்னைப் பார்த்துவிட்டு மறுபடி குனிந்தாள். பிறகு பக்கத்தை மூடினாள். நான் பேனாவைத் திறந்து வைத்திருந்தேன்.

“புரிஞ்சுது அண்ணி,” என்றாள்.

“சொல்லு.”

“இப்படி ஒண்ணு கிடையாது. சத்தம் சுவர்ல பட்டா சூடா மாறிக் கலைஞ்சு போயிடும், திரும்பி வராது. எழுபத்திமூணாவது பதிவுல நீங்களே போட்டிருக்கீங்க.” தாளை என் பக்கம் நகர்த்தினாள். “பேராசிரியர் இதை எழுதல, நீங்க எழுதியிருக்கீங்க. நீங்க என்னைச் சந்தேகப்படறீங்க. அதுதான் புரிஞ்சுது.”

எனக்குக் காது சூடாகிவிட்டது. அகப்பட்டவள் பேசுகிற பேச்சா இது என்று கோபம்தான் முதலில் வந்தது. நோட்டைக் கேட்டேன், பை ஆசாமியைக் கேட்டேன், காகிதத்தை ஏன் மறைத்தாய் என்று கேட்டேன். அவள் மறுக்கவில்லை. கீழே போய் நோட்டையே எடுத்து வந்து மேஜையில் வைத்தாள். அவர் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் எடுக்கும் வாத்தியாராம். கால்சட்டை மடித்துத் தைக்கக் கொடுக்க வந்தவரிடம் ஒரு கேள்வி கேட்டிருக்கிறாள். அவர் பதில் சொல்லிவிட்டுத் தையல் கூலியில் கழித்துக்கொள்ளச் சொல்லிச் சிரித்திருக்கிறார். அப்போதிலிருந்து ஒரு கால்சட்டைக்கு ஒரு பாடம். வரும் வருடம் தனியாகப் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு எழுதப் போகிறாளாம்.

“எட்டு வருஷமா முந்நூறு பதிவையும் மூணு தடவை படிச்சிருக்கேன். தெரியாம எப்படி இருக்கும்? ஆனா தெரிஞ்சவங்க இந்த நாற்காலியில உக்காரக் கூடாதுன்னு சட்டம். சொன்னா அனுப்பிடுவீங்க. எனக்கு வேற பள்ளிக்கூடம் கிடையாது அண்ணி.”

அப்படியானால் பதினேழு பதிவுகளுக்கு ஏன் புரியவில்லை என்றாய் என்று கேட்டேன்.

அவள் மேஜையிலிருந்த ஒரு காகிதத்தை எடுத்துப் பாதியாக மடித்தாள். மடித்ததை மறுபடி பாதியாக மடித்தாள்.

“முதல் பத்து வருஷத்துல பாதி போச்சு. அடுத்த பத்து வருஷத்துல மிச்சம் இருக்கறதுலதானே பாதி போகும்? கால் பங்கு இன்னும் இருக்குமே. முழுசாப் போயிடும்னு போட்டிருக்கு.” அடுத்த பதிவை விரலால் தட்டினாள். “மருந்துக்கு உடம்பு பழகிடும்னு போட்டிருக்கு. உடம்பு பழகுதுன்னா, மாத்திரையே சாப்பிடாதவருக்கும் எப்படிக் கேக்காம போகுது? பழகறது கிருமி. அது அடுத்தவருக்கும் ஒட்டும். இன்னொண்ணுல, மேல ஈர்ப்பே இல்ல, அதான் மிதக்கறாங்கன்னு இருக்கு. ஈர்ப்பு இல்லேன்னா நிலாவை எது புடிச்சு வெச்சிருக்கு?”

நான் எழுந்து அலமாரிக்குப் போனேன். அப்போதும் அவளை நம்பவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். பேராசிரியரின் மூலப் பிரதியை எடுத்தேன். தப்பு அவருடையதாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டே புரட்டினேன். அரைவாழ்வில் அவர் எழுதியிருந்தார்: மீதியில் பாதி, அந்த மீதியில் பாதி. அதன் மேல் என் சிவப்புக் கோடு. மருந்துப் பதிவில், பழகுவது உடல் அல்ல, கிருமியே என்று எழுதியிருந்தார். அதன் மேலும் என் சிவப்புக் கோடு. ஓரத்தில் என் கையால் ‘குழப்பம், நீக்கு’. விண்வெளி நிலையத்தில் இருப்பவர்கள் பூமியைச் சுற்றி ஓயாமல் விழுந்துகொண்டே இருக்கிறார்கள் என்ற அருமையான வரியை ‘நீளம்’ என்று அடித்திருந்தேன். பதினேழையும் பார்த்தேன். பதினேழும் நான். எட்டு வரிக்காக எது கடினமாக இருந்ததோ அதை வெட்டியிருக்கிறேன். உண்மை அங்கேதான் இருந்திருக்கிறது. வேலியே பயிரை மேய்ந்த கதை.

திரும்பி வந்து உட்கார்ந்தேன். தப்பு என்று என்னிடமே நேராகச் சொல்லியிருக்கலாமே என்றேன்.

“உங்க வரின்னு பார்த்தவுடனே தெரிஞ்சுது. அண்ணன் பொண்டாட்டிக்குத் தப்பு கண்டுபுடிச்சுச் சொல்றதுக்கு வாய் வரல. புரியலைன்னா பேராசிரியருக்குப் போகும், அவர் பார்த்துச் சரி பண்ணிடுவார், யாருக்கும் தெரியாதுன்னு நெனச்சேன்.” பிறகு மெதுவாக, “நீங்க அனுப்பவே இல்லையா அண்ணி?” என்றாள்.

அனுப்பவில்லை என்றேன். ஆறு தாள்களையும் எடுத்து அவள் முன்னால் போட்டேன். அவள் தன் கையெழுத்தை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். கடைசித் தாளில் கையெழுத்தின் மேல் விரலை வைத்தாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். நோட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள். அவமானம் என்றால் என்ன என்று எனக்கு ஐம்பது வயதில்தான் தெரிந்தது.

முதல் பாகம் மறுநாள் காலை மிஷினில் ஏற இருந்தது. வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்கும் தெரியாது, நானும் அதை யோசிக்காமல் இல்லை. இருநூறு நூலகங்களில் யாரோ ஒரு அம்மா அந்த மருந்துப் பக்கத்தைப் படித்துவிட்டு, என் குழந்தைதான் இந்த மருந்தைத் தொட்டதே இல்லையே, பயமில்லை என்று நினைத்துக்கொள்வாள். அந்த அம்மாவை என்னால் மனதிலிருந்து தள்ள முடியவில்லை. சாயங்காலம் முதலாளி அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன், கையெழுத்து விஷயம் உட்பட.

முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றினார். அச்சகத்துக்குப் போன் செய்து நிறுத்தினார். பேராசிரியருக்குப் பதினேழு பதிவுகளும் அன்றே போயின. எழுத்தைக் கொஞ்சம் சிறிதாக்கி எட்டு வரியை முதலாளி திருப்பித் தந்தார். என்னை வீட்டுக்கு அனுப்புவார் என்றுதான் நினைத்தேன். அவரோ, தப்பைக் கண்டுபிடித்தது யார் என்று கேட்டார். சொன்னேன். அப்படியானால் அந்தப் பெண் இனிமேல் படிக்கிற நாற்காலியில் உட்கார முடியாது, அவளுக்கு எல்லாம் தெரியும் என்றார். உட்கார வேண்டாம், எதிர் நாற்காலியில் உட்காரட்டும், சரிபார்ப்பு அவளுடையது என்றேன். படிக்க ஆள் வேண்டுமே, பத்தாவதுக்கு மேல் அறிவியல் படிக்காத ஒருவர் சட்டென்று எங்கே கிடைப்பார் என்று கேட்டார்.

எனக்குத் தெரிந்து அந்த மாடியில் அப்படி ஒருத்திதான் இருந்தாள். நான் பத்தாவதுக்கு அப்புறம் படித்ததெல்லாம் காப்பியமும் இலக்கணமும்தான்.

மூன்று நாள் சிட்டு வீட்டில் தேவைக்கு மேல் பேசவில்லை. நான்காம் நாள், முதலாளி சொல்லி அனுப்பியதன் பேரில், மதியம் இரண்டு மணிக்கு மேலே வந்தாள். என் நாற்காலியில் அவள் உட்கார்ந்தாள், அவளுடையதில் நான். முதலாளி நெருக்கியதில் அரைவாழ்வுப் பதிவு மட்டும் அதற்குள் திருந்தி வந்திருந்தது. இரண்டு முறை படித்தேன்.

“பக்கத்தை மூடுங்க அண்ணி.”

மூடினேன். பத்து வருடத்தில் பாதி என்று தொடங்கினேன். இருபதில் கால். முப்பதில் என்று அவள் கேட்டபோது மனதுக்குள் காகிதத்தை மடித்துப் பார்த்து, எட்டில் ஒன்று என்றேன். பதினோரு வருடமாக முந்நூறு பதிவுகளை வெட்டியிருக்கிறேன், ஒன்றையாவது இப்படி மூடி வைத்துச் சொல்லிப் பார்த்ததில்லை. சொல்லி முடித்தபோது வியர்த்திருந்தது.

அவள் மஞ்சள் தாளை எடுத்து முதல் கட்டத்தில் டிக் அடித்தாள். அவள் முகத்தைப் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. கேட்காமல் இருக்க முடியவில்லை.

“என் மேல கோபம் போச்சா?”

“மூணு நாள்தானே ஆச்சு. பாதி போயிருக்கு,” என்றாள். “மிச்சத்துல பாதி போக இன்னும் மூணு நாள் ஆகும்.”

தாளை என் பக்கம் திருப்பி, பேனாவை அதன் மேல் வைத்தாள்.

“கையெழுத்துப் போடுங்க அண்ணி. உங்க கையெழுத்து.”